‘இன்டிக்னிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் சாயங்கால நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் தமிழ்வழியில் படித்துவிட்டு அம்பாசமுத்திரம், ஆலங்குளம், நாங்குநேரி பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். யாராவது யாரையாவது கேவலமாக நடத்தியதைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் ஒரே சொல்லில் போய் விழுகிறார்கள், ‘இன்சல்ட்’. மேனேஜர் இன்சல்ட் பண்ணினார், கண்டக்டர் இன்சல்ட் பண்ணினார், மாமா கல்யாண வீட்டில் இன்சல்ட் பண்ணினார். நடந்ததைக் கேட்டுப் பார்த்தால் பாதிக்குப் பாதி அது இன்சல்ட்டே இல்லை. அதற்கு வேறு ஒரு சொல் இருக்கிறது, ‘இன்டிக்னிட்டி’. அகராதியில் ‘அவமானம்’ என்று ஒரே வார்த்தையில் பொருள் போட்டு விட்டுவிடுவதால் அந்தச் சொல்லின் உயிர் நம் பிள்ளைகளுக்குப் பிடிபடாமலே போகிறது. அதைப் படிப்படியாக எப்படிப் பழகுவது என்று எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

முதலில் எனக்கு இந்தச் சொல் எப்படிப் பிடிபட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைச் சொன்னால் பாதி விளக்கம் முடிந்துவிடும். முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். அம்மா பீடி சுற்றிக் குடும்பத்தைப் பார்த்தவள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, சுற்றியதைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்க் கடையில் ஒப்படைக்க வேண்டும், அங்கே ஒருவர் பார்த்துச் சரியில்லாததைக் கழித்துவிடுவார். ஒருநாள் அந்த ஆள் கழித்த பீடியைக் கையில் கொடுக்காமல் தரையில் விட்டெறிந்தார். வரிசையில் இருந்த பத்துப் பதினைந்து பெண்களுக்கு முன்னால் அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தியில் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து ராத்திரி வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: “ஒரு வார்த்த வையலயே எய்யா. வைதிருந்தா நானும் நாலு வார்த்த வைதுட்டு வந்திருப்பேன்.”

அவ்வளவுதான். ஒரு வார்த்தை வையவில்லை, ஆனால் ஒரு மனுஷியை எப்படி நடத்தக் கூடாதோ அப்படி நடத்தியாகிவிட்டது. அதுதான் இன்டிக்னிட்டி. பல வருஷம் கழித்து ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் இந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அம்மாவின் முந்திதான்.

சரி, இனி ஒவ்வொரு படியாக.

முதல் படி: வாய்க்குப் பழக்குங்கள்

எழுத்துக்கூட்டு: ஐ, என், டி, ஐ, ஜி, என், ஐ, டி, ஒய். முதலில் வரும் ‘டி’ மெல்லியது, ‘டெல்லி’யில் வருவது, கடைசியில் வரும் ‘டி’ வல்லியது, ‘டீக்கடை’யில் வருவது. இன்-டிக்-னி-ட்டி என்று நான்கு அசை. அழுத்தம் இரண்டாவது அசையில். ‘டிக்னிட்டி’ என்று தனியாகச் சொல்லும்போது எந்த இடத்தில் அழுத்துகிறோமோ அதே இடம், முன்னால் ‘இன்’ சேர்ந்ததால் அது மாறாது. நடுவில் வரும் ‘க்’ நம் ‘பக்கம்’ என்பதில் வருகிற க் இல்லை, ‘பங்கு’ என்பதில் வருகிற மாதிரி கனமாக ஒலிக்க வேண்டும். ‘சைன்’ என்ற சொல்லில் ஜி ஊமையாக இருக்கிறதே என்று பார்த்து இங்கேயும் அதை விழுங்கிவிடுகிற பிள்ளைகள் உண்டு, இங்கே அது ஒலிக்கும். பன்மையில் ஒய் போய் ‘ஐ-இ-எஸ்’ வரும், இன்டிக்னிட்டீஸ். பத்துத் தடவை வாய்விட்டுச் சொன்னால் பழகிவிடும், இதில் மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவது படி: வேரைப் பிடியுங்கள்

லத்தீனில் ‘டிக்னஸ்’ என்றால் தகுதி உள்ளது, தக்கது. அதற்கு முன்னால் ‘இன்’ சேர்த்தால் தகாதது. அங்கிருந்து வந்ததுதான் இன்டிக்னிட்டி. ஆங்கிலத்துக்குள் அது வந்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதைத் தமிழில் புரிந்துகொள்வது நமக்கு எவ்வளவு லேசு என்று பாருங்கள். நம்மிடம் ‘தகு’ என்ற வேர் இருக்கிறது, அதிலிருந்து தகுதி, தக்கது, தகாதது எல்லாம் வருகின்றன. ‘அவன்கிட்ட தகாத முறையில் நடந்துக்கிட்டாங்க’ என்று ஒருவர் சொல்லும்போது அந்தத் ‘தகாத’ என்பதற்குள் இருக்கிற கணக்கு என்ன? இந்த ஆளுக்கு ஒரு தகுதி உண்டு, நடந்த விதம் அந்தத் தகுதிக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். லத்தீன்காரனும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறான்.

இந்த வேரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குடும்பமே இருக்கிறது. ‘டிக்னிட்டி’ உங்களுக்குத் தெரியும். ஒருவரை ஏளனமாகப் பார்ப்பதற்குச் சொல்லும் ‘டிஸ்டெய்ன்’ என்பதும் இதே வேர்தான், இவன் எனக்குத் தகுதி இல்லாதவன் என்று நினைக்கிற பார்வை. ‘டெய்ன்’ என்று ஒன்று உண்டு, போனால் போகிறது என்று இறங்கிவந்து ஒரு காரியத்தைச் செய்வது. மென்மையான, நேர்த்தியான பொருளைச் சொல்லும் ‘டெய்ன்ட்டி’கூட இந்த வீட்டுப் பிள்ளைதான், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததால் முகம் மாறிவிட்டது. ஒரு சொல்லை மனப்பாடம் செய்கிற சிரமத்தில் நான்கைந்து சொல் சேர்ந்து கிடைக்கிறது என்றால் வேரைத் தோண்டிப் பார்ப்பதில் லாபம் இருக்கிறதுதானே.

மூன்றாவது படி: தமிழில் சரியான இடத்தை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

நாம் ‘அவமானம்’ என்று சொல்லும்போது அது யாரிடம் இருக்கிறது? ‘எனக்கு அவமானமாப் போச்சு’, ‘அவமானத்தில் கூனிக்குறுகிப் போனேன்’. பாரத்தைச் சுமப்பது பட்டவர். செய்தவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை. ‘அசிங்கமாப் போச்சு’ என்றாலும் அதே கதைதான், அசிங்கம் நம் பக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது. இன்டிக்னிட்டி அப்படி இல்லை. அது பட்டவரின் மனநிலையைச் சொல்வதைவிட நடந்த நடத்தையைச் சொல்கிறது. பட்டவர் தலைகுனியவில்லை, அழவில்லை, மனசுக்குள் ‘போடா’ என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தே வந்தார் என்றாலும் இன்டிக்னிட்டி இன்டிக்னிட்டிதான். அம்மாவின் தகுதி அந்தத் தரையில் கொஞ்சம்கூடக் குறையவில்லை. குறைவாக இருந்தது அந்த ஆள் நடத்திய விதம். இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம். அழுக்கை உரியவன் வாசலிலேயே வைக்கிறது.

அப்படியென்றால் தமிழில் எதைப் பக்கத்தில் வைப்பது? என்னைக் கேட்டால் ‘சிறுமை’ அல்லது ‘சிறுமைப்படுத்துதல்’. ‘இழிவு’ என்பதும் பொருந்தும், ஆனால் அது இன்னும் கனமானது. நம்ம ஊரில் ‘எளப்பம்’ என்று சொல்கிறோமே, ‘என்னல, எளப்பமா நெனச்சிட்டியா’ என்று, அது மிக நெருங்கி வரும். ஆனாலும் எளப்பம் என்பது மற்றவன் மனதில் இருக்கிற எண்ணம், இன்டிக்னிட்டி என்பது அந்த எண்ணம் செயலாக வெளியே வந்து நம் மேல் படுவது. எளப்பமாக நினைத்தவன் பீடியைத் தரையில் போட்டபோது அது இன்டிக்னிட்டி ஆனது.

நான்காவது படி: பக்கத்து வீட்டுச் சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது செருப்பு அறுந்து எல்லோர் முன்னாலும் தடுமாறி விழுந்தீர்கள். அது ‘எம்பாரஸ்மென்ட்’, லேசான சங்கடம், ராத்திரிக்குள் மறந்துபோகும். நீங்களே ஒரு தப்பைச் செய்துவிட்டு உள்ளுக்குள் கூசுகிறீர்கள், அது ‘ஷேம்’. செய்த தப்பு ஊருக்குத் தெரிந்து இருந்த பெயரும் போனது, அது ‘டிஸ்கிரேஸ்’. ஒருவன் உங்களை வைதான், அல்லது வேண்டுமென்றே கேலியாக ஒன்றைச் செய்தான், அது ‘இன்சல்ட்’.

‘ஹியூமிலியேஷன்’தான் இன்டிக்னிட்டிக்கு ரொம்பப் பக்கம். வித்தியாசம் இதுதான்: ஹியூமிலியேஷனில் ஒருவர் தன் கண்ணிலோ பிறர் கண்ணிலோ தாழ்ந்துபோன உணர்வு பிரதானம், பெரும்பாலும் நாலு பேர் பார்க்க நடக்கும். இன்டிக்னிட்டிக்குப் பார்வையாளர்கள் தேவையில்லை. செய்கிறவனுக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எங்கள் தாத்தா கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தார். வேட்டி நுனி விலகாமல் எழுபது வருஷம் நடந்த மனுஷனுக்கு இன்னொருவர் வந்து துணி மாற்ற வேண்டியிருந்தது. நர்ஸ் அம்மா தங்கமானவர், ஒரு முகச்சுளிப்புக் கிடையாது. யார் மேலும் குற்றமில்லை. ஆனால் தாத்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். இதையும் ஆங்கிலத்தில் இன்டிக்னிட்டி என்றுதான் சொல்வார்கள், ‘த இன்டிக்னிட்டீஸ் ஆஃப் ஓல்டு ஏஜ்’, முதுமை கொண்டுவரும் சிறுமைகள். இதை ஹியூமிலியேஷன் என்று எழுதினால் அந்த நர்ஸுக்குச் செய்கிற அநியாயம்.

யாரும் வையாமல், அடிக்காமல், சாப்பாடுகூட ஒழுங்காகப் போட்டு நடக்கிற இன்டிக்னிட்டிக்கு நம் மாவட்டத்திலேயே சரித்திர உதாரணம் இருக்கிறது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம். விடுதலைப் போராட்டத்தில் உயிரைப் பணயம் வைத்தவர் அவர், தேசியக் கல்வி என்று ஆசையோடு தொடங்கியது, காங்கிரஸும் பணம் கொடுத்தது. ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகவும் மற்றப் பிள்ளைகளுக்குத் தனியாகவும் சாப்பாடு நடந்தது. 1925 வாக்கில் அது பெரிய பிரச்சினையாக வெடித்தது. வரதராஜுலு நாயுடு, பெரியார் எல்லோரும் எதிர்த்து நின்றார்கள், தமிழ்நாட்டு அரசியலே அதில் திசை மாறியது. இப்போது யோசியுங்கள், அந்தப் பிள்ளைகளை யாரும் வையவில்லை. இலையில் சோறு விழுந்தது. உட்காரவைத்த இடம்தான் பிரச்சினை. அந்த இடத்தை விவரிக்க ‘இன்சல்ட்’ போதாது, ‘த இன்டிக்னிட்டி ஆஃப் பீயிங் ஸீட்டட் அபார்ட்’ என்று எழுதினால்தான் சரியாக வந்து உட்காரும். சேரன்மாதேவி வழியாகப் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளிடம் இந்த உதாரணத்தைச் சொல்லும்போது சொல் உடனே ஒட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது படி: வாக்கியத்தில் எங்கே உட்கார்கிறது

இது பெயர்ச்சொல் மட்டும்தான். இதைக் கொண்டு வினைச்சொல் செய்ய முடியாது. ‘ஹி இன்டிக்னிட்டீட் மீ’ என்று ஒரு பையன் எழுதினான். முயற்சி நல்ல முயற்சி, ஆனால் அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. வினை வேண்டும் என்றால் ‘ஹியூமிலியேட்’, ‘டிமீன்’, ‘டிக்ரேட்’ இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹி டிட் இன்டிக்னிட்டி டு மீ’ என்பதும் காதுக்கு ஒட்டாது. ‘ஐ ஃபெல்ட் இன்டிக்னிட்டி’ என்பதும் இடறும். உணர்வைச் சொல்ல வேண்டுமானால் ‘ஐ ஃபெல்ட் ஹியூமிலியேட்டட்’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்.

பழக வேண்டிய அமைப்பு ஒன்றே ஒன்றுதான், அதைப் பிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது: ‘த இன்டிக்னிட்டி ஆஃப்’, அதற்குப் பின்னால் ‘இங்’ சேர்ந்த வினை. அதற்கு முன்னால் ‘சஃபர்’ அல்லது ‘என்டியூர்’ போடுங்கள். ‘ஷி சஃபர்ட் த இன்டிக்னிட்டி ஆஃப் பிக்கிங் தெம் அப் ஃப்ரம் த ஃப்ளோர்.’ தரையிலிருந்து பொறுக்குகிற சிறுமையைப் பட்டாள். சஃபர் என்பதும் நாம் ‘பட்டாள்’ என்று சொல்வதும் அச்சு அசல் ஒரே மாதிரி வேலை செய்கின்றன, அதனால் இந்த அமைப்பு நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

செய்தவரை வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் ‘சப்ஜெக்ட்’ என்ற வினை. ‘தே சப்ஜெக்டட் ஹெர் டு த இன்டிக்னிட்டி ஆஃப்...’ என்று போகும். அந்தச் சிறுமையிலிருந்து ஒருவரைக் காப்பாற்றினார்கள் என்றால் ‘ஸ்பேர்’. பெரியவர் ஒருவர் கடன் கேட்டு வந்து நிற்பதற்கு முன்னாலேயே குறிப்பறிந்து பணத்தைக் கொண்டுபோய் வீட்டில் கொடுத்தீர்கள் என்று வையுங்கள், ‘யூ ஸ்பேர்ட் ஹிம் த இன்டிக்னிட்டி ஆஃப் ஆஸ்கிங்’. கேட்கிற சிறுமை அவருக்கு வராமல் பார்த்துக்கொண்டீர்கள். நம் ஊரில் நல்ல மனிதர்கள் தினமும் செய்கிற காரியம் இது. அதற்கு ஆங்கிலத்தில் இவ்வளவு கச்சிதமாக ஒரு வாக்கியம் இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

பன்மையில் வரும்போது பெரும்பாலும் அடுக்கடுக்காக நடந்ததைக் குறிக்கும். ‘டெய்லி இன்டிக்னிட்டீஸ்’, ‘பெட்டி இன்டிக்னிட்டீஸ்’ என்றால் தினம் தினம் நடக்கிற சின்னச் சின்னச் சிறுமைகள். எல்லாம் நடந்து முடிந்து கடைசியில் ஒன்று நடக்குமே, அதற்கு ‘த ஃபைனல் இன்டிக்னிட்டி’.

ஆறாவது படி: ஏமாற்றுகிற இரண்டு சொற்கள்

‘இன்டிக்னன்ட்’ என்பது இன்டிக்னிட்டியின் பெயரடை என்று நினைத்துவிடாதீர்கள். வேர் ஒன்றுதான், பொருள் வேறு. இன்டிக்னன்ட் என்றால் அநியாயத்தைக் கண்டு கோபப்பட்டவர். ‘மை மதர் வாஸ் இன்டிக்னன்ட்’ என்றால் அம்மா சிறுமைப்பட்டாள் என்று பொருள் இல்லை, அம்மா கொதித்தாள் என்று பொருள். ‘இன்டிக்னேஷன்’ என்பது அந்தக் கோபம், நாம் அறச்சீற்றம் என்கிறோமே அது. ஆக ஒரே சம்பவத்தில் இரண்டும் வரலாம்: பட்டது இன்டிக்னிட்டி, அதனால் எழுந்தது இன்டிக்னேஷன்.

இன்னொன்று ‘அன்டிக்னிஃபைட்’. இது நாமே கொஞ்சம் நிதானம் தவறி நடந்துகொள்வது. பந்தியில் இடம் பிடிக்க முண்டியடித்து ஓடினால் அது அன்டிக்னிஃபைட், யாரும் நம்மை அப்படி நடத்தவில்லை. குழப்பிக்கொண்டால் பட்டவர் மேலேயே பழி போய் விழும், அதனால்தான் சொல்கிறேன்.

ஏழாவது படி: கனம் பார்த்து எடையிடுங்கள்

இன்டிக்னிட்டி கனமான சொல்தான், ஆனால் எல்லாக் கொடுமைக்கும் இது போதாது. அடி, உதை, சித்திரவதை நடந்த இடத்தில் ‘இன்டிக்னிட்டி’ என்று மட்டும் எழுதினால் நடந்ததைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். வ.உ.சிதம்பரனாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் வக்கீல் தொழில் பார்த்து, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908-இல் தண்டனை பெற்று உள்ளே போனபோது கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். இதை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். அந்த வெயிலும் உடம்பு நோவும் ‘க்ரூயல்டி’, கொடுமை. கப்பல் விட்ட மனிதரை மாடு நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தியது ‘இன்டிக்னிட்டி’. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

அதேபோல மறுபக்கம், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இதை இழுக்காதீர்கள். டீ ஆறிப்போய் வந்தது இன்டிக்னிட்டி இல்லை. ஆங்கிலத்தில் சிலர் அப்படிச் செல்லமாக எழுதுவார்கள், ஆனால் பழகுகிற காலத்தில் வேண்டாம். முதலில் அதன் உண்மையான கனம் கையில் ஏற வேண்டும்.

எட்டாவது படி: சட்டத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு சொல் எவ்வளவு பொறுப்பானது என்று தெரிய வேண்டுமானால் சட்டத்தில் அது எங்கே வருகிறது என்று பார்த்தால் போதும். நம் அரசமைப்பின் முகப்புரையில் ‘டிக்னிட்டி’ இருக்கிறது, தனிமனிதரின் மாண்பு என்று. இன்டிக்னிட்டி எங்கே இருக்கிறது? மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்து 2013-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் முன்னுரையில் அந்தத் தொழிலாளர்கள் பட்ட சரித்திர அநீதியையும் ‘இன்டிக்னிட்டி’யையும் சரிசெய்து, அவர்களை ‘டிக்னிட்டி’யோடு வாழ வைக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லும் எதிரெதிராக நிற்கின்றன. என் பிள்ளைகளை அந்த வரியை அப்படியே பார்த்து எழுதச் சொல்வேன், இதைவிடப் பொருத்தமான இடத்தில் இந்தச் சொல்லை நான் பார்த்ததில்லை.

இன்னொரு இடம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், பிணம். 1860-இல் எழுதிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 297-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 301-ஆவது பிரிவாக இருக்கிறது. மனித உடலுக்கு ‘இன்டிக்னிட்டி’ இழைப்பது குற்றம் என்று அது சொல்கிறது. யோசித்துப் பாருங்கள், பிணத்துக்கு அவமான உணர்ச்சி கிடையாது. ஆனாலும் அதற்கு இன்டிக்னிட்டி நேர முடியும், ஏனென்றால் மூன்றாவது படியில் சொன்ன மாதிரி அது பட்டவரின் உணர்ச்சியைப் பொறுத்த விஷயம் இல்லை, நடத்திய விதத்தைப் பொறுத்தது. (அந்தச் சட்ட வாசகத்தில் ‘ஆஃபர்’ என்ற வினையோடு வரும், ‘ஆஃபர்ஸ் எனி இன்டிக்னிட்டி’ என்று. அது பழைய நடை, நீங்கள் எழுதும்போது தேவையில்லை.)

ஒரு எச்சரிக்கை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 1989-ஆம் வருஷச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொது இடத்தில் பிறர் பார்க்கும்படி வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைப் பற்றிய பிரிவில் வருகிற சொற்கள் ‘இன்சல்ட்’, ‘இன்டிமிடேட்’, ‘ஹியூமிலியேட்’. அங்கே இன்டிக்னிட்டி இல்லை. அதனால் போலீஸ் புகார் மாதிரியான காரியத்துக்கு எழுதும்போது உங்களுக்குப் பிடித்த சொல்லைப் போடாதீர்கள், சட்டத்தில் இருக்கிற சொல்லைப் போடுங்கள், முடிந்தால் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். தமிழிலேயே புகார் கொடுக்கலாம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபிஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறவர்களும் ஆங்கிலத்தைத் தேடி அலைய வேண்டாம், நம் பாஷையில் நடந்ததை நடந்தபடி எழுதினாலே போதும்.

ஒன்பதாவது படி: நிஜமாகவே ஒரு கடிதம் எழுதுங்கள்

பின்னே ஆங்கிலம் எங்கே வேண்டியிருக்கிறது என்றால் வெளியூரில் தலைமை அலுவலகம் இருக்கிற கம்பெனிகளுக்கு, பேங்குகளுக்கு எழுதும்போது. என்னிடம் படித்த ஒரு பெண் படிப்புச் செலவுக்காக ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் போனால் ராத்திரி வரை நின்றபடி வேலை, கூட்டமே இல்லாத மத்தியான நேரத்தில்கூடச் சுவரில் சாயக் கூடாது. கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், கேரளத்தில் அதற்கு முன்பே 2018-இல் வந்துவிட்டது. அந்தக் கடையில் ஸ்டூல் இருந்ததாம், உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் வந்து ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். திட்ட மாட்டாராம், சிரித்துக்கொண்டே எடுப்பாராம்.

கடிதம் எழுத வந்தவள் முதலில் எழுதியது: ‘த சூப்பர்வைசர் இன்சல்ட்டட் அஸ்.’ படிக்கிறவர் என்ன கேட்பார்? என்ன சொல்லி வைதார் என்று கேட்பார். ஒன்றும் சொல்லவில்லையே என்றால் புகார் அங்கேயே விழுந்துவிடும். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றினோம். எப்படி மாற்றினோம் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் வரியில் நாள், நேரம், இடம். இரண்டாவது வரியில் என்ன நடந்தது, அடைமொழி எதுவும் இல்லாமல்: மூன்று மணிக்கு கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை, நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்தோம், அவர் ஸ்டூல்களை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது வரியில் சட்டம் என்ன சொல்கிறது. நான்காவது வரியில்தான் நம் சொல்: ‘வி ஆஸ்க் தட் நோ எம்ப்ளாயி பி சப்ஜெக்டட் டு திஸ் இன்டிக்னிட்டி அகெய்ன்.’ எந்த ஊழியருக்கும் இந்தச் சிறுமை திரும்ப நடக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம்.

சம்பவத்தைச் சொல்லாமல் இன்டிக்னிட்டி என்று மட்டும் எழுதினால் அது காற்றில் ஆடும். சம்பவத்தை முதலில் வைத்து, அதன் மேல் இந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை வைத்தால் அசையாது. ஒரு கடிதத்தில் இரண்டாம் முறை வந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள்.

பத்தாவது படி: பயிற்சி

கீழே சொல்கிறவற்றை நோட்டில் எழுதிக்கொண்டு, எது இன்டிக்னிட்டி, எது வேறு என்று முதலில் தமிழிலேயே யோசியுங்கள், அப்புறம் ஆங்கிலத்துக்குப் போங்கள். பரீட்சையில் காப்பி அடித்து மாட்டிக்கொண்டவன். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்த பிறகு ‘இந்தப் பந்தி மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு’ என்று எழுப்பிவிடப்பட்ட சித்தப்பா. தாமிரபரணியில் குளித்துவிட்டு வரும்போது படித்துறையில் வழுக்கி விழுந்தவர். ஃபீஸ் கட்டாததற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை. டீக்கடையில் ஒருவருக்கு மட்டும் தனி டம்ளர்.

முதலாவது ஷேம், வெளியே தெரிந்தால் டிஸ்கிரேஸ். படித்துறை எம்பாரஸ்மென்ட், அடிபட்டிருந்தால் அதுவும் இல்லை, ஆஸ்பத்திரி. சித்தப்பாவுக்கு நடந்தது இன்டிக்னிட்டி. எழுப்பியவர் வேண்டுமென்றே செய்யாமல் அவசரத்தில் செய்திருந்தாலும் இன்டிக்னிட்டிதான். வகுப்புக்கு வெளியே நின்ற பிள்ளைக்கும் அதேதான், அதோடு நாற்பது பேர் பார்த்திருப்பதால் ஹியூமிலியேஷனும் சேரும். தனி டம்ளரில் இன்டிக்னிட்டி நிச்சயமாக உண்டு, ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் ஏழாவது படியில் சொன்ன தப்பைச் செய்கிறீர்கள், அது தீண்டாமை, அரசமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்த குற்றம், அந்தப் பெயரைச் சொல்லித்தான் எழுத வேண்டும்.

இனி உங்கள் வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ போய், யாரும் ஒரு வார்த்தை வையாமலே மனசு நொந்து வந்த நாள் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில் நான்கு வரி எழுதி, ஐந்தாவது வரியை ‘த இன்டிக்னிட்டி ஆஃப்’ என்று தொடங்கி முடித்துப் பாருங்கள்.